வளையத்தைக் கடைசியில் கழற்றவும்

போன கிழமை எங்கள் மீள்பாவனை நிலையத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் நிரோஷா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ராத்தா, தையல் மெசினுக்கு மேல செவத்துல 'வளையத்தைக் கடைசியில் கழற்றவும்'னு ஒரு வரி இருக்கே, அத அழிக்கவா விடவா? இப்ப வர்ற பேனருக்கு வளையமே இல்ல. எல்லாம் மடிச்சுக் கயிறு கோக்கிறதுதான்."

"அழிச்சுப் பாருங்க. ஓட்டோ பிடிச்சு வந்து நானே திரும்ப எழுதுவேன்" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு லொறி வந்துவிட்டது, எனக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் பால் பொங்காது, கேட்கிறவர்களும் நடுவில் எழுந்து போக முடியாது.

என் பெயர் ஜெஸீமா. மாத்தளை டவுனில் வாப்பாவோடு சேர்ந்து பஸ் இருக்கைகளுக்கு உறை தைத்துத் தொழில் பழகியவள். வாப்பா மவுத்தான பிறகு கடையும் போய்விட்டது. கையில் தொழிலும் கனமான துணி தைக்கும் மெசினும் மட்டும் மிஞ்சின. அந்த மெசினோடு நிலையத்தில் சேர்ந்தேன். ஊசியின் காது என் கண்ணுக்குத் தெரிய மறுக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

நிலையம் என்று பெரிதாகச் சொல்கிறேன். அது ஒரு பழைய மிளகுக் களஞ்சியம். ஊர்க்காரர்கள் கூடிக் கேட்டு வாங்கியது. போத்தல், இரும்பு, காட்போட் மட்டை எல்லாவற்றையும் பழைய சாமான்காரர்கள் போட்டி போட்டு எடுத்துப் போவார்கள். அவர்களும் மூக்கைச் சுளித்து விட்டுப் போகும் சாமான்கள்தான் எங்களுக்கு: பிஸ்கட் உறை, பால்மா பாக்கெட், பொடிப்பொடியாய் உதிரும் ரிஜிஃபோம், கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை, கம்பி நெளிந்த குடை, தேர்தல் பேனர், கல்யாணப் பேனர், சாவுப் பேனர். மழை நாளில் உள்ளே நுழைந்தால் மிளகு மணமும் பழைய பால்மா மணமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் யாராவது பால்மா பாக்கெட் உடைத்தால் நான் வேலைக்குப் பிந்திவிட்டேனோ என்று ஒரு கணம் பதறுகிறேன்.

எங்கள் மேலாளர் குணபால மாத்தயா, சிங்களவர்; மாத்தயா என்றால் ஐயா. முன்னே எங்கோ களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழை அவர் கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார். கடைக்காரர்கள் எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதானே சொல்வார்கள்? ஆகவே மாத்தயாவின் தமிழில் மரியாதை குறைந்த சொல்லே கிடையாது. ஆட்டையும் "போங்க" என்றுதான் விரட்டுவார். ஒரு யோகட் கோப்பையைக் கையில் எடுத்து, "இவங்க எங்க இருந்து வந்தாங்க? கழுவாம வந்துட்டாங்களே" என்பார். நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது. சாமானைத் திட்டினால் சாமானைக் கொண்டு வந்தவரைத் திட்டியது போலாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பயிற்சி மூன்று நாள். முதல் நாள் மூக்கு, இரண்டாம் நாள் காது, மூன்றாம் நாள் கை. மூக்கு, கிருமிநாசினிப் போத்தலைக் கண்டுபிடிக்க. அந்த மணம் வந்தால் அதைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும், நாங்கள் அதை எடுப்பதில்லை. காது, உறைகளுக்கு. காதருகே வைத்துக் கசக்கினால் சலசலவென்று சத்தம் போடுவது ஒரு சாதி, வாயை மூடிக்கொண்டு கசங்குவது இன்னொரு சாதி. கை, மினுங்கும் உறைகளுக்கு. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தால், சுருண்டபடியே கிடந்தால் அது தகடு. மெல்ல விரிந்து எழும்பினால் அது தகடு வேஷம் போட்ட பிளாஸ்டிக். மாத்தயா ஒரு பிஸ்கட் உறையைப் பிடித்துத் திறப்பார், அது விரியும், "பாத்தீங்களா, பொய் சொன்னாங்க" என்பார். இவ்வளவுதான் என் படிப்பு.

கதிரைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிளந்த பிளாஸ்டிக் கதிரையை ஒட்டினால் நிற்காது. பிளவின் இரண்டு பக்கமும் சூடான ஆணியால் வரிசையாகத் துளை போட்டு, கம்பியால் துணி தைப்பது போலத் தைப்போம். தைத்த கதிரைகளை வாசலில் வரிசையாக வைப்போம், வேண்டியவர்கள் கொண்டு போகலாம். ஆனால் உடைந்த கதிரையைக் கொடுத்துவிட்டுப் போன அதே ஆட்கள் பின்னேரம் திரும்பி வந்து, தங்கள் கதிரையிலேயே உட்கார்ந்து, பிளேன்டீ கேட்பார்கள். "வீட்டுக்குக் கொண்டு போங்களேன்" என்றால், "இல்ல, வீட்டுல புதுசு வாங்கிட்டோம்" என்பார்கள். மாத்தயா கதிரையைப் பார்த்து, "உங்களுக்கு வீடு மாறினாங்க, ஆள் மாறல்ல" என்றார்.

இனி பேனருக்கு வருகிறேன். நிரோஷா கேட்டது அதைத்தானே.

பேனர் துணியை ஒருவரும் உருக்க எடுக்க மாட்டார்கள். ஆனால் தைக்க அதைப் போல் சாமான் இல்லை. மிளகு காயப்போட விரிப்பு, தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு, முச்சக்கர வண்டிக்குப் பின்திரை, லொறிக்குப் பக்கத்திரை, சந்தைப் பை, எல்லாம் தைத்தேன். அச்சடித்த பக்கம் வழுவழுப்பு, தண்ணீர் ஓடிவிடும். ஆகவே மழையில் நிற்கும் சாமான்களுக்கு அதுதான் வெளியே. பைக்கு மட்டும் அச்சு உள்ளே, வெள்ளை வெளியே. யாருக்கோ வாக்குக் கேட்கிற முகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போக யார் விரும்புவார்கள்? பையின் அடியில் பழைய குடைத்துணியால் ஓர் உள்ளுறையும் வைத்துத் தைப்பேன். தேங்காய் போட்டாலும் கிழியாது.

முகங்களுக்கு மாத்தயா ஒரு முறை வைத்திருந்தார். சாவுப் பேனரை எடுக்கும் முன் அந்த வீட்டுக்குத் தானே போவார். "முகம் வேணுமா, வேணாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் சரி. வேண்டும் என்றால் பேனரின் மூலை வளையத்தில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுவார். நூல் கட்டிய பேனரில் முகத்தை முழுசாக வெட்டி, முகப்பெட்டியில் வைத்து, வீட்டுக்காரர் வரும்போது கொடுக்க வேண்டும். வேட்பாளர்களின் முகத்துக்கு இந்த முறை கிடையாது. "அவங்கள நாம தேடத் தேவையில்ல. அஞ்சு வருஷத்துல அவங்களே வருவாங்க" என்பார்.

எனக்கும் ஒரு முறை இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. பேனர்க் கட்டு வந்ததும் முதல் வேலையாக, குறடால் எல்லாப் பித்தளை வளையங்களையும் கழற்றிவிடுவேன். வளையத்தில் பட்டால் ஊசி முறியும். கழற்றிய வளையத்தை விரிப்புக்குப் போடலாம். மற்றவர்கள் வெட்டும்போது ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருக்க, நான் ஒரே இருப்பில் முடித்துவிட்டு டீ குடிப்பேன்.

நூல் கட்டிய பேனர்கள் எப்போதும் வேறு இறாக்கைத் தட்டில் இருக்கும், என் கைக்கு வராது. ஆனால் ஒரு மழையில் களஞ்சியக் கூரை ஒழுகியது. எல்லாக் கட்டுகளையும் அவசரமாக ஒரு மூலைக்குத் தள்ளினோம். அது தேர்தல் முடிந்த சமயம். வேட்பாளர்கள் மலைபோல் குவிந்து கிடந்தார்கள். மிளகுக்காரர்கள் விரிப்புக் கேட்டு வாசலில் நின்றார்கள். நான் குறடை எடுத்தேன். ஒரு வளையத்தோடு சிவப்புக் கம்பளி நூல் ஒன்று வந்தது. யாருடைய சுவெட்டரிலோ சிக்கியது என்று நினைத்தேன். நல்ல நிறம். ஊசி டின்னில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பேனரில் மேலும் கீழும் கிழிந்து எழுத்தே இல்லை. நடுவில் கதவு உயரத்துக்கு ஒரு முகம். கோட், டை, படிய வாரிய தலை, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை, பல் தெரியச் சிரிப்பு. வாக்குக் கேட்கிற சிரிப்பேதான். இவரும் தோற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நாலு துண்டாக வெட்டினேன்.

பல மாதம் கழித்து ஒரு காலையில், றத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் காமாட்சி. கையில் எங்கள் பை ஒன்று. என் தையலை நான் எங்கே கண்டாலும் அறிவேன், மனசுக்குள் ஒரு சந்தோஷம். பையிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவரு மொகத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க. இன்னும் பன்னெண்டு நாள்ல தலைத்திவசம். மாத்தயா வீட்டுக்கு வந்து கேட்டாரு, நான் எடுத்து வைக்கச் சொன்னேன். செவப்பு நூலு கட்டுனத நானே பார்த்தேங்க."

"உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

"முத்துவேலு. தம்புள்ள மரக்கறிச் சந்தையில நாட்டாமியா இருந்தாரு. மூட்ட தூக்குறவரு."

முகப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். முத்துவேல் இல்லை. வேறு படம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"படமெடுக்க விட்டாத்தானேங்க. போனத் தூக்குனா ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்குவாரு, புதுப் பொண்ணு கணக்கா. சபரிமலைக்குப் போறதுக்குப் பாஸ்போட் எடுக்கணும்னு ஒரே ஒருக்கா ஸ்டூடியோவுக்குப் போனாரு. அங்க ஆணியில மாட்டியிருந்த கோட்டு டையெல்லாம் போட்டு விட்டானுங்க. எடுத்தது நாலு படம். மூணு ஒபீஸுக்குப் போச்சு. மலைக்குப் போக முன்னாடி மனுசன் போய்ச் சேந்துட்டாரு. மிச்ச ஒண்ண பேனர் கடையில குடுத்தாங்க கூட்டாளிங்க. அது அங்க காணாமப் போச்சு. செத்ததும் ஐடென்டி கார்டையும் கிராமசேவகர் வாங்கிட்டாரு. அந்தப் பேனர் ஒண்ணுதாங்க இருக்கு."

கோட்டு, டை என்ற இரண்டு சொல் என் காதில் விழுந்ததும் கவிழ்த்த முகங்களை அவசரமாகப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டேன். "உள்ளே எங்கேயோ இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் ஊசி டின்னைத் திறந்தேன். சிவப்பு நூல் வட்டமாகச் சுருண்டு கிடந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பகல் முழுக்க நான் நல்ல மனுசியாக இருக்கவில்லை. நூலை அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும்? பேனரைக் காற்று கொண்டு போயிற்று என்றால் யார் கேட்பார்? என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஊரில் பெயர் இருந்தது. அது போய்விடுமே என்ற பயம். மேசையில் பூசணிக்காய் மட்டும் அப்படியே இருந்தது. அதைச் சமைக்கவும் மனம் வரவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் வரவில்லை. ஒரு பெண்ணின் ஒரே படத்தை வெட்டிவிட்டு அவள் தந்த பூசணிக்காயைத் தின்றால் செரிக்குமா? மறுநாள் காலை நூலை எடுத்துக்கொண்டு மாத்தயாவின் முன்னால் போய் நின்றேன்.

எல்லாவற்றையும் கேட்டார். நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நீங்க உங்க வேலைய ஒழுங்கா செஞ்சீங்க" என்று நூலிடம் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பிறகு கேட்டார். "ஜெஸீமா, எத்தன துண்டு?"

"மொகம் மட்டும் நாலு மாத்தயா."

"நாலு பேரும் எங்க போனாங்க?"

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. என்ன சாமான் யாரிடம் போயிற்று என்று அதில் எழுதி வைப்பார். எப்படி உழைக்கிறது என்று பிறகு போய்ப் பார்ப்பதற்காக. புரட்டினோம். நெற்றியும் வலது கண்ணும் ஒரு படங்கு, றிவர்ஸ்டன் பக்கத் தோட்டத்தில். இடது கண்ணும் காதும் ஒரு முச்சக்கர வண்டித் திரை, சீகிரியாவில். மூக்கும் மீசையும் தம்புள்ளை லொறி ஒன்றில். வாயும் நாடியும் பையாகத் தைத்தது. மாத்தளைத் தேர்த் திருவிழாக் கடையில் எல்லாப் பையோடும் சேர்ந்து போயிற்று. அதற்கு மட்டும் பெயர் இல்லை.

காமாட்சி அக்கா இரண்டாம் நாள் வந்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்றார் மாத்தயா. சொன்னேன். தலை குனியாமல், அழாமல் சொல்ல முடியவில்லை.

"மீச எங்க இருக்கு?" என்று காமாட்சி அக்கா முதலில் கேட்டார்.

"தம்புள்ளையில அக்கா."

"அது போதும். மீச கெடைச்சிட்டா மத்தது வந்துரும். நானும் வர்றேன்."

நிலையத்துச் சின்ன லொறியில் மூவரும் புறப்பட்டோம். மாத்தயா ஓட்ட, நான் நடுவில், காமாட்சி அக்கா ஓரத்தில், மடியில் அந்தப் பை. பைக்குள் ரொட்டியும் கட்டச்சம்பலும் இருந்தன.

முதல் நாள் றிவர்ஸ்டன். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சரோஜா என்ற பெண்ணைக் கூப்பிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தரச் சொன்னோம். இடுப்பில் கொழுந்தும் செடியும் உரசும் என்பதால் அச்சுப் பக்கம் உள்ளே போக மடித்தபடியே கட்டியிருந்தாள், ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. அவிழ்த்து விரித்ததும் ஒரு பெரிய கண் எங்களைப் பார்த்தது. சரோஜா ஓரடி பின்னால் போனாள்.

"ஐயோ அக்கா! இவ்வளவு நாளும் ஒரு ஆம்பளயையா இடுப்புல கட்டிக்கிட்டு நின்னேன்?"

"பரவாயில்ல தங்கச்சி" என்றார் காமாட்சி அக்கா. "உசுரோட இருந்தப்ப மலைப்பக்கமே வராத மனுசன். இப்பவாவது ஒரு நாள் வேலைக்குப் பேர் போட்டாரே."

பக்கத்து நிரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கங்காணி ஓடி வந்தார். சரோஜாவுக்குப் புதுப் படங்கு கொடுத்தோம். முத்துவேலின் நெற்றி மடிந்து பைக்குள் போயிற்று.

சீகிரியா அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. பண்டார என்ற முச்சக்கர வண்டிக்காரத் தம்பி, பின்திரையைத் தொடவே விடவில்லை. சிங்களத்தில் அவர் சொன்னதை இப்படி எழுதலாம்: "இந்தக் கண் வந்த நாளிலிருந்து என் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. ஊர்க் கண்ணூறு எல்லாம் இதில் பட்டுத் திரும்பிவிடுகிறது. வெள்ளைக்காரர்கள் குன்றைப் படமெடுக்க முன் இதைத்தான் படமெடுக்கிறார்கள். தரமாட்டேன்."

இது செத்துப்போனவரின் முகம், அம்மா அவருடைய மனைவி என்று மாத்தயா விளக்கினார். பண்டார தம்பி காமாட்சி அக்காவைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "கண்ணூறுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. லொறியில் வேட்பாளர் துண்டுகள் சில கிடந்தன. ஒருவரின் இடது கண்ணை எடுத்துக் காட்டினேன். முத்துவேலுடையதைவிடப் பெரிய கண், நல்ல மினுக்கம். வண்டியடியிலேயே உட்கார்ந்து கையாலேயே தைத்து மாட்டினேன். அது எந்தக் கட்சிக் கண் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்து, புதுக் கண் ஆட்களைப் பார்ப்பதே இல்லை என்று குறை சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய?

தம்புள்ளையில் லொறியைத் தேடி நாங்கள் அலையவில்லை. முத்துவேலோடு வேலை செய்த நாட்டாமிகள் காமாட்சி அக்காவைத் தூரத்திலேயே கண்டுவிட்டார்கள். தோள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவரான இராமர் அண்ணன் எங்களைக் கோவா என்கிற முட்டைக்கோசுக் குவியல்களைச் சுற்றி அழைத்துப்போய், ஒரு லொறியின் பக்கத்திரையைக் காட்டினார். அங்கே மீசை. சந்தை முழுக்க சேறு தெறித்துக் கிடந்த அந்த இடத்தில் மீசை மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இந்த லொறி மொத மொத வந்த அன்னைக்கே தெரியும் அக்கா. முத்துவேலு மீசைய எங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. காலையில இத ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் மொத மூட்டயத் தூக்குவோம். அவன் இருந்தப்ப அவன் எங்க முதுகுல தட்டுவான்."

மாத்தயா தொப்பியைக் கழற்றினார். நான் வெட்டி எறிந்த துண்டை இந்த மனிதர்கள் தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள். இராமர் அண்ணனே திரையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒரு தட்டுத் தட்டினார். கூடவே நாலு கோவாவையும் பைக்குள் திணித்தார்.

மிச்சம் வாய். அதற்குத்தான் பெரிய பாடு பட்டோம். தேரில் வாங்கிய பையைத் திருப்பிக் காட்டுங்கள் என்று மாத்தயா ஊரெல்லாம் சொல்லி வைத்தார். நிலையத்தின் முன் வரிசை நின்றது. ஒவ்வொரு பையாகத் திருப்பி, குடைத்துணி உள்ளுறையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். இத்தனை சிரிப்பை நான் ஒரே நாளில் கண்டதில்லை. எல்லாமே வாக்குக் கேட்ட வாய்கள். சிலது பாதிப் பேச்சில் திறந்து கிடந்தது. ஒரு பையில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் வாய், பயத்தில் இறுகியிருந்தது. முத்துவேலைக் காணோம்.

திவசத்துக்கு முதல் நாள் வந்துவிட்டது. மூன்று துண்டையும் கழுவி, ஒரு பெரிய காட்போட் மட்டையில் பொருத்தினேன். மீசைக்குக் கீழே வெறும் மட்டை. பெயர்ப்பலகை எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு வாய் வரையலாமா என்று மாத்தயா கேட்டார்.

"வேணாங்க" என்றார் காமாட்சி அக்கா. "யாரோ வரைஞ்ச வாய வச்சிட்டு நான் யாருகூடப் பேசுறது? இப்படியே இருக்கட்டும். வீட்டுல அவரு அதிகம் பேசுனதும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வெற்று மட்டையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். நான் மெசினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு என் வாய் ஓய்ந்திருந்தது.

புறப்படுவதற்காகப் பையை எடுத்தார். உள்ளே கோவா இலையும் ரொட்டித் தூளும் கிடந்தன. வாசலுக்குப் போய், பையைத் திருப்பி உதறினார். எத்தனையோ நாள் சுமந்த கனத்தில் உள்ளுறையின் தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது. குடைத்துணி நாக்குப் போல வெளியே தொங்கியது. அதற்கு மேலே பல் தெரிய ஒரு சிரிப்பு.

ஊர் முழுக்கப் பையைத் திருப்பிய எங்களில் ஒருவருக்கும் இந்தப் பையைத் திருப்பத் தோன்றவில்லை. பைக்குள் நெற்றி இருந்தது, கண் இருந்தது, மீசை இருந்தது. அதற்குள் இன்னும் தேட என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

"இது எங்கால வந்திச்சு அக்கா?" என்றேன்.

"எங்க மக தேருக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தா." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பையை மடியில் விரித்தார். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சந்தைக்கு இதத்தானே கொண்டு போறேன். கெழங்கு, தேங்கா, பூசணிக்கா, எல்லாம் இதுலதானே." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு. "பாருங்க மாத்தயா. செத்த பொறகும் சொம தூக்குறத விடல இந்த மனுசன்!"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க. ஒருக்கா வெட்டுனது போதும்."

அதனால் ஒன்று செய்தோம். மட்டையில் மீசைக்குக் கீழே இரண்டு கொக்கி அடித்தோம். பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கைப்பிடியால் மாட்டினோம். அளவு அச்சாக வந்தது. என் தையல் அளவில் பிழை வராது, அதை மட்டும் இப்போதும் திமிரோடு சொல்வேன். மாத்தயா இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "வணக்கம் முத்துவேல். எல்லாரும் வந்துட்டாங்க" என்றார்.

திவசம் நன்றாக நடந்தது. நாட்டாமிகள் ஒரு லொறி நிறைய வந்து, ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்களாம். மறுகிழமை மாத்தயா தூரிகை எடுத்து, என் மெசினுக்கு மேலே அந்த வரியைத் தன் கையால் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. வளையத்தைக் கழற்றும்போதெல்லாம் நான் அதை வாசித்தேன். எனக்காகத்தான் எழுதியது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அன்று, எல்லோரும் கேக் வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காமாட்சி அக்கா வந்தார். கையில் அதே பை. ஞாயிறு தோறும் பையைக் கொக்கியிலிருந்து கழற்றிச் சந்தைக்குக் கொண்டு போவார், திரும்பி வந்து மாட்டுவார். அன்று ஒரு கைப்பிடி அறுந்திருந்தது.

"எவ்வளவு பழசாப் போச்சு அக்கா. புதுசு ஒண்ணு தைச்சுத் தாறேன், இத செவத்துலயே வச்சிருங்களேன்" என்றேன்.

"கைப்பிடிய மட்டும் தைங்க" என்றார். "உள்ள இருக்கிற ஆளு இன்னும் நல்லாத்தான் இருக்காரு."

கேக்கைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மெசினில் உட்கார்ந்தேன். கைப்பிடியை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.